கடை ஊழியர்களுக்கு இருக்கை: ஞாயிறு கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் வந்த திருத்தப்படி, ஊழியர் எல்லோருக்கும் உட்கார இருக்கை தரவேண்டும். நம் கடைவீதியில் பல இடங்களில் இன்னும் இல்லை. நேற்று ஒரு கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த பெண், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார், கணுக்கால் வீங்கியிருந்தது. மனம் பொறுக்கவில்லை.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் கூடுவோம்.

1. உரிமையாளர்கள்: எத்தனை ஊழியர், எத்தனை இருக்கை என்று எழுதி வாருங்கள். கல்லாவில் நீங்கள் உட்காரும் நாற்காலி கணக்கில் சேராது.
2. ஊழியர்கள்: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருங்கள். அது சலுகை அல்ல, உரிமை. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து கவனியுங்கள்.
3. வருவோர் சனி இரவு 8 மணிக்குள் இங்கே பதில் எழுதுங்கள்.

செயலாளர்