மாட்டின் இரத்தத்திலேயே மாட்டுக்கு மருந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

மாட்டின் சொந்த இரத்தத்திலிருந்தே மடிநோய்க்கும் சினைப்படாத பசுவுக்கும் மருந்து எடுக்கலாம் என்று உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் ஊரில் நாலைந்து பேர் கைமாற்றி வாசித்தோம். அன்று பின்னேரமே ஒருவர் “அந்த ஊசி எந்தக் கடையில் இருக்கு, என்ன விலை?” என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அது கடையில் விற்கிற ஊசி இல்லை, அந்தந்த மாட்டின் இரத்தத்தில் அப்போதைக்கப்போது தயாரிப்பது. கட்டுரை இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

டெங்கு வந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அதே பிளேற்லெட்தான், அதாவது இரத்தத்திலுள்ள தட்டணுதான், இந்த மருந்திலும் இருப்பது. காயத்தில் இரத்தத்தை உறைய வைப்பதோடு, புண்ணை ஆற்றிப் புதுச் சதை வளரத் தூண்டும் பொருள்களையும் அது தனக்குள் வைத்திருக்கிறது. பசுவின் கழுத்து இரத்த நாளத்தில் இரத்தம் எடுத்து, உறையாமலிருக்க ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு சிற்றேற் கரைசல் சேர்த்து, சுழற்றும் இயந்திரத்தில் முதலில் மெதுவாகச் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் வேறு குழாயில் எடுத்து, இரண்டாவது தடவை வேகமாகச் சுற்றினால் பிளேற்லெட் அடியில் படியும். மேல்நீரில் பெரும்பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தில் அந்தப் படிவை மெல்லக் கலக்கினால், சாதாரண இரத்தத்தில் இருப்பதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு பிளேற்லெட் உள்ள திரவம் கிடைக்கும். எடுத்த இரத்தத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் தேறும்.

கேட்க லேசான வேலைதான். ஆனால் எங்கள் ஆட்களின் பழக்கம் எனக்குத் தெரியும், மருந்து என்றவுடன் ஐஸ்பெட்டிக்குள் வைப்பார்கள். பிளேற்லெட்டுக்குக் குளிர் ஆகாது, அறை வெப்பநிலையில் வைத்துச் சில மணித்தியாலங்களுக்குள் போட்டுவிட வேண்டும். வன்னி வெயிலில், கிரவல் ரோட்டில், மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு வருகிற குழாயில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள். மாடு நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தயாரித்தால்தான் சரி.

எனக்கு இதில் ஆசை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் கலப்பினப் பசுவுக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்து, ஊசிக்கு மேல் ஊசி போட்டும் ஒரு காம்பு செத்தேபோனது. அன்ரிபயோட்டிக் போட்டால் அந்தப் பாலை விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் முடியாது, கறந்து கறந்து நிலத்தில் ஊற்றினோம். அந்தக் கவலையை மாடு வைத்திருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். சொந்த இரத்தத்திலிருந்து எடுத்ததை மடிக்குள் விட்டால் பாலில் அந்த மருந்துச் சேர்மானம் இராது. இத்தாலியில் மிலான் பல்கலைக்கழகத்தார் பிளேற்லெட் திரவத்தைக் காம்பு வழியாகவே செலுத்திப் பார்த்து 2014 இல் எழுதியிருக்கிறார்கள். அதற்காக, காய்ச்சலோடு படுத்துவிட்ட மாட்டுக்கு அன்ரிபயோட்டிக்கை நிறுத்திவிட்டு இதை நம்பக்கூடாது. கிருமியைக் கொல்வது இதன் முதல் வேலை இல்லை, கெட்ட திசுவை ஆற்றுவதுதான். மூன்று நாலு தடவை செயற்கை முறையில் சினைப்படுத்தியும் பிடிக்காத பசுக்களுக்குக் கருப்பைக்குள் விட்டும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் இந்தச் சோதனைகள் பலவற்றில் மாடுகளின் எண்ணிக்கை கொஞ்சம்தான்.

எனக்கு உண்மையான பயம் வேறு. கொழுத்த மாடு ஒன்றில் இரத்தம் எடுத்து ஊர் மாடெல்லாவற்றுக்கும் போடலாம் என்று யாராவது கெட்டிக்காரர் கிளம்பிவிடுவார். எங்கள் பட்டி மாடுகள் காட்டில் மேய்ந்து உண்ணியோடுதான் திரும்பும். உண்ணிக்காய்ச்சல் ஒட்டுண்ணி வெளியே தெரியாமல் இரத்தத்துக்குள் இருக்கும், நல்லா நிற்கிற மாடு என்று நினைத்து எடுத்தால் நோயையும் சேர்த்தே ஏற்றிவிடுவோம். பரிசோதிக்காத வேறு மாட்டின் இரத்தம் வேண்டவே வேண்டாம்.

சரி, யார் செய்வது? மிருக வைத்தியம் படிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் எங்கள் பக்கத்தில், கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. அங்கேயுள்ளவர்களும் அரச கால்நடை வைத்தியர்களும் சேர்ந்து, ஒரு சின்னச் சுழற்றும் இயந்திரத்தோடு வன்னியில் இருபது முப்பது மாடுகளில் செய்து, எத்தனை மாடு தேறியது, எத்தனை தேறவில்லை என்று இரண்டையும் உங்கள் பத்திரிகையிலேயே போடட்டும். தேறாத கணக்கையும் போட வேண்டும், அதுதான் எங்களுக்குத் தேவை.

நாலு தடவை சினை ஊசி போட்டும் சினைப்படாத பசு ஒன்று என் கொட்டிலில் நிற்கிறது. யாராவது தொடங்கினால் அதைப் பட்டியலில் முதலாவதாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாடு வளர்ப்பவர்,
மாங்குளம்.