போதை மாற்று மருந்தான புப்ரெனார்பின் மாத்திரையைக் குறைக்காமல் தடையின்றி வழங்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
மார்க்கெட், ரயில்வே கேட், பழைய லாரி ஷெட் பகுதிகளில் போதை மாற்று மருந்துச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் மற்றும் களப்பணியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: ஓபியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரைகள் அடங்கிய வகை) போதைக்குச் சிகிச்சை பெறுவோரிடையே தற்கொலை அபாயம் – மாத்திரை அளவு குறைப்பு, இருப்பின்மை – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர்க்கும் நாளில் அளித்த மனு. 2. இணையவழி மனு (“தீர்வு காணப்பட்டது” என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது). 3. நினைவூட்டுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மார்க்கெட் பின்சுவர் ஓரம் ஊசிகள் கிடப்பதாகப் புகார் வந்தபோது தாங்களே நேரில் வந்து பார்த்தீர்கள். ஆகவே பகுதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஹெராயினோ, டாபென்டடால் போன்ற வலி மாத்திரையோ நரம்பில் ஏற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்று அரசு மருத்துவமனை மையத்தில் நாக்கின் அடியில் புப்ரெனார்பின் மாத்திரை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். அந்த மாத்திரை வராத நாட்களில் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்கள் தற்கொலையால் இறக்கும் அபாயம் பொதுமக்களைவிடப் பதின்மூன்று மடங்குக்கும் அதிகம் என்று 2004-இல் வெளியான பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நம் ஊர்க் காவல் நிலையப் பதிவில் அப்படித் தற்கொலையால் போனவர்கள் எல்லோரும் “தீராத வயிற்றுவலி”யால் இறந்திருக்கிறார்கள். ஒரே தெருவில் இத்தனை பேருக்கு வயிற்றுவலி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

2. எங்கள் முதன்மையான வேதனை மாத்திரைக் குறைப்புதான். இருப்பு குறையும்போதெல்லாம் மையத்தில் “எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம்” என்று பங்கிடுகிறார்கள். தினம் 8 மில்லிகிராம், அதாவது 2 மில்லிகிராம் மாத்திரை நான்கு, எடுத்து நிலைப்பட்டவருக்கு ஒரே ஒரு மாத்திரை தருகிறார்கள். பொதுவாக 8 முதல் 16 மில்லிகிராம் வரை தேவைப்படும் மருந்து இது. கால்பங்கு கொடுத்தால் கால்பங்கு பலன் கிடைக்கும் என்று கணக்குப் போட முடியாது ஐயா. ஏக்கம் அடங்காது, தூக்கம் வராது, மருந்து எடுத்ததாகப் பதிவேட்டில் மட்டும் டிக் விழும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டுகிறோம். புப்ரெனார்பின் உடலிலிருந்து மெதுவாக இறங்கும் மருந்து. குறைத்த முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் நாள்தான் கை கால் குடைச்சல், மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு எல்லாம் சேர்ந்து வரும். விடியும் வரை பாயில் புரண்டு புரண்டு கிடப்பார்கள். “நேற்று நன்றாகத்தானே இருந்தான்” என்று கவுன்ட்டரில் சொல்வது இதனால்தான். உடம்பு வலியைவிடக் கொடுமை அதோடு வரும் மனச்சோர்வு. “இனி திருந்தவே முடியாது, வீட்டுக்குப் பாரம்” என்ற நினைப்பு அந்த இரவுகளில்தான் முற்றுகிறது. தாங்க முடியாமல் பழைய சரக்குக்குத் திரும்பினால் அங்கேயும் ஆபத்து. முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது, மூச்சு அடங்கிவிடும். அது தவறிப் போன உயிரா, வேண்டுமென்றே போன உயிரா என்பது பெற்ற தாய்க்கே தெரிவதில்லை. மாற்று மருந்து நின்ற முதல் நான்கு வாரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பது மருத்துவ உலகம் அறிந்ததே. மையத்துக்கு மட்டும் தெரியாதா?

நேரமும் ஒரு பிரச்சினை. மாத்திரை தருவது காலை பத்து முதல் பதினொன்றரை வரை. நாக்கின் அடியில் வைத்து, விழுங்காமல், பேசாமல், அது கரையும் வரை ஐந்து முதல் பத்து நிமிடம் செவிலியர் கண்முன் உட்கார வேண்டும். சித்தாள் வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் எட்டு மணிக்கே ஆள் எடுத்துவிடுவார்கள். கூலியா, மாத்திரையா என்று ஒருவர் தினமும் தேர்ந்தெடுக்க வேண்டுமா? பொங்கல், தீபாவளித் தொடர் விடுமுறையில் ஷட்டரில் “ஸ்டாக் இல்லை” என்ற தாள்கூட ஒட்டுவதில்லை, பூட்டுதான் தொங்கும். 2020 ஊரடங்கில் பல நாள் மாத்திரையை வீட்டுக்கே கொடுக்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது?

3. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வருபவரை, உயிர் தப்பியதும் மறுநாளே “போதை கேஸ்” என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மனநல மருத்துவர் பார்ப்பதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115 இவர்களைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவர்களாகவே கருதச் சொல்கிறது. சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறும் அதே சட்டத்தின்படி மனநோய்தான். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் பார்த்த பிறகே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும், மறுநாள் காலை மாற்று மருந்து மையத்தில் சேர்க்க வேண்டும், முதல் வாரத்திலேயே ஆலோசகர் போனில் அழைக்க வேண்டும். “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

4. ஓபியாய்டு போதை மிஞ்சி மூச்சு அடங்குபவரை மீட்கும் நலாக்சோன் ஊசி. 0.4 மில்லிகிராம் ஆம்பூல். அவசரப் பிரிவிலும் 108 வண்டியிலும் எப்போதும் இருக்க வேண்டும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உதடு நீலம் பாய்ந்து, மூச்சு விட்டுவிட்டு வந்தால் காத்திருக்க நேரமில்லை. இதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், உள்ளே போன போதை அதற்கு மேலும் நிற்கும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

5. மையத்து வாசலிலேயே போலீஸ் பிடிக்கிறது. தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 64-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறதே! பிறகு எவன் வருவான்?

6. எங்கள் முதல் மனு “தகுந்த நடவடிக்கைக்காக” அனுப்பப்பட்டது, யார்மேல் புகார் சொன்னோமோ அவருக்கே. அவர் “குறை ஏதுமில்லை” என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார். இதற்கு நாங்கள் மனுவே போட்டிருக்க வேண்டாம்.

மன்னிக்கவும் ஐயா, மரியாதைக் குறைவாக எழுத வேண்டும் என்று நினைக்கவில்லை. தாங்கள் ஒரு முறை மையத்தின் இருப்புப் பதிவேட்டையும் தினசரி மருந்துப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இருப்பு சரிந்த வாரங்களும், பெயர்களுக்கு நேரே “வரவில்லை” என்று தொடர்ந்து விழுந்த வாரங்களும் ஒன்றாகவே இருக்கும். அந்த “வரவில்லை”களில் சிலர் இனி வரவே மாட்டார்கள்.

எனவே, மாத்திரையைக் குறைக்காதிருக்கவும், குறைந்தது ஒரு மாத இருப்பு எப்போதும் கையில் இருக்கவும், பதினைந்து நாளுக்குக் கீழே போனால் பக்கத்து மாவட்டத்திலிருந்து கடனாகவேனும் வரவழைக்கவும், காலை ஏழு மணிக்கு மையத்தைத் திறக்கவும், விடுமுறைக்கு முன்பே நிலைப்பட்டவர்களுக்கு வீட்டு மாத்திரை வழங்கவும், 14416 (மனநல உதவி), 104 (மருத்துவ உதவி) எண்களைக் கவுன்ட்டரில் பெரிதாக எழுதி வைக்கவும் ஆணையிட வேண்டுகிறோம். மீண்டும் சொல்கிறோம்: மாத்திரையைக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். மற்றவை ஒரு வாரம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்கிறோம், இது பொறுக்காது.

இம்முறை பதிலைக் குறுஞ்செய்தியாக அல்லாமல், கையொப்பமிட்ட கடிதமாக அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி பகுதிகளின் குடும்பத்தினர், களப்பணியாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

நகல்: இணை இயக்குநர், மருத்துவ நலப் பணிகள், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர்.