சம இராப்பகல் நாளும் காமன் கூத்தும்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஏப்ரல் – 2025 மார்ச்)

தலைவர் அவர்களே, தோட்டத்துப் பெரியவர்களே, ஆசிரியர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் நடைபெற்றன. வாசிகசாலை மாலை நேரங்களில் திறந்திருந்தது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, இந்த ஆண்டு நாம் முதன்முறையாகக் கொண்டாடிய சம இராப்பகல் நாளுக்கே ஒதுக்குகிறேன்.

மார்ச் 20 ஆம் திகதி சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் நாள். இதை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான். இலங்கை மலையகத்தில் நம் ஹட்டன் பக்கம் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வேறுபாடுகூட இல்லை. பனிக்காலம் முடிந்து வெளிச்சம் திரும்புவதைக் கண்டு மகிழும் வட நாடுகளின் நிலை நமக்கில்லை. ஆனால் சூரியனைப் பார்த்து நாள் குறித்தவர்கள் நம் முன்னோர். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

சாதாரண தரப் பரீட்சைக் காலமாதலால் மற்ற மாணவர்களுக்கு விடுமுறை. காலையிலேயே பாடசாலை மைதானத்தில் ஒரு மீற்றர் உயரக் கோலை நிறுத்தினோம். நிழலின் நுனி போன இடமெல்லாம் பிள்ளைகள் கல் வைத்தார்கள். மாலையில் பார்த்தபோது கற்கள் மேற்கிலிருந்து கிழக்கே நேர்கோடாக நின்றன. டிசம்பரில் இதே கோலை நட்டு வைத்த கற்கள் வளைந்து போயிருந்ததை அவர்கள் மறக்கவில்லை. நிழல் மிகக் குறுகியது நண்பகல் 12.15 அளவில். அப்போது அதன் நீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். அந்த நீளத்திலிருந்து நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறோம் என்பதைக் கணித ஆசிரியர் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு கோலும் கொஞ்சம் கற்களும் இருந்தால் நம் தோட்டம் உலகில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதைவிடப் பெரிய பாடம் எதை நாம் கொடுத்துவிட முடியும்?

அன்று பகலும் இரவும் துல்லியமாகச் சமமாக இல்லை என்பதையும் ஆசிரியர் விளக்கினார். வளிமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரிய வட்டத்தின் மேல்விளிம்பு தெரிந்தவுடனே உதயம் என்று கொள்வதாலும் பகல் ஆறேழு நிமிடம் கூடிவிடுகிறது.

பிற்பகல் 2.31 க்கு சூரியன் நிலநடுக்கோட்டைக் கடந்தது. அதே கணத்தில் ஈரானில் 1404 ஆம் ஆண்டு பிறந்தது. அவர்களது புத்தாண்டான நவ்ரூஸ் நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் கடக்கும் அந்தக் கணத்தில்தான் பிறக்கிறது. 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை மார்ச் 21 ஐ சர்வதேச நவ்ரூஸ் தினமாக ஏற்றது. வளைகுடாவில் ஓர் ஈரானியக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்து திரும்பிய நம் உறுப்பினர் அக்கா அன்று பேசினார். ஆப்பிள், பூண்டு, வினாகிரி என்று ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு பொருட்களை விரிப்பில் அடுக்குவார்கள். பக்கத்தில் கண்ணாடி, மெழுகுவர்த்தி. எல்லாவற்றுக்கும் முன்னதாக, தட்டில் கோதுமையை முளைக்க வைப்பார்கள். பதின்மூன்றாம் நாள் குடும்பமே வெளியிடத்துக்குப் போய் அந்த முளையை ஓடும் நீரில் விடும். அவர் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே பின்வரிசையில் இருந்த அம்மாமார் "நம்ம முளைப்பாரிதானே!" என்றார்கள். மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரியைத் தலையில் சுமந்துபோய் ஆற்றில் கரைக்கும் கைகளுக்கு அந்தச் சடங்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

ஜப்பானில் இந்த நாள் அரச விடுமுறை. அந்த வாரத்தில் மக்கள் முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்குகிறார்கள் என்பதை ஒரு மாணவி வாசித்துக் காட்டினாள்.

அடுத்து நம் வசந்த விழாவான காமன் கூத்து. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் நாள் கூத்து ஆடும் திடலான காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினோம். வசந்தனைத் தோழனாகக் கொண்ட மன்மதன், தவத்தில் இருக்கும் சிவன்மீது மலர் அம்பு எய்து எரிந்துபோகும் கதையை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் பேசிப் பேசி வளர்ந்தவர்கள் நாம். இரவுகளில் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடி வந்தார்கள். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் லீவு போட்டு வந்து வேடம் கட்டினார்கள். கடைசி இரவு தகனம் முடிந்து ரதியின் ஒப்பாரி எழுந்தபோது, மறுநாள் விடிந்ததும் மலைக்கு ஏற வேண்டிய பெண்களும் எழுந்து போகவில்லை. அத்தனை வருடங்கள் நமக்குப் பாட்டுச் சொல்லித்தந்த கூத்து வாத்தியார் இவ்வாண்டு நம்மோடு இல்லை. அவர் வாயிலிருந்த பாட்டுகளில் பாதிதான் கொப்பியில் இருக்கிறது. மீதியை முதிய கலைஞர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலை புதிய செயற்குழுவின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கும் இந்த நாளுக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டார்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், சூரியன் மேட ராசியில் புகும் புத்தாண்டு நாள் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்தள்ளிப் போகிறது. பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் முன் இரண்டும் அடுத்தடுத்து வந்தன. இன்று இடைவெளி ஏறத்தாழ 24 நாட்கள். மூலிகைகள் காய்ச்சிய மருத்து நீர் வைத்துக் குளிக்கும் விஷு புண்ணியகாலத்தின் வேர் இந்த மார்ச் நாளில்தான் இருக்கிறது.

ஒரு குறையும் உண்டு. நண்பகல் அளவீட்டுக்குத் தாய்மார் பெரும்பாலோரால் வர முடியவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும் நேரம் அது. அடுத்த ஆண்டு அரை மணித்தியால அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்கத் தீர்மானம் முன்மொழிகிறேன். இவ்வாண்டு செப்டெம்பர் 22 ஆம் திகதி சூரியன் தெற்கு நோக்கிக் கடக்கும்போதும் கோல் நடலாம்.

நாளை ஏப்ரல் 7, திங்கட்கிழமை. நண்பகல் 12.10 அளவில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும், நட்ட கோலுக்கு நிழல் இருக்காது. சென்ற ஆண்டு இதே நாள் ஞாயிறாக அமைந்ததால் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள். இம்முறை பாடசாலை நாள்; அதிபர் அனுமதி தந்திருக்கிறார். இந்த மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு முன் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். 11.45 க்கு மைதானத்துக்கு வந்துவிடுங்கள். கோலை நிறுத்த இரண்டு பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
2025 ஏப்ரல் 6