விடைக்குக் கீழே இன்னொரு வரி

ஆசிரியருக்கு வணக்கம். செப்டம்பர் 5 வந்தால் ஆசிரியர்கள் ஊட்டிய ஒழுக்கத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். கணக்கு வகுப்பு தரும் பெரிய பாடம், விடை வந்ததும் பேனாவை மூடாமல் சரிபார்ப்பது.

347-ஐ 26-ஆல் பெருக்கினால் 9,022. இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 347க்கு 5, 26க்கு 8. ஐயெட்டு நாற்பது, அதாவது 4. விடைக்கும் 4 வருகிறது, சரி. ஆனால் அவசரத்தில் 9,202 என்று இலக்கம் இடம் மாறினாலும், சுழியம் விட்டுப்போய் 922 ஆனாலும் அதே 4தான் வரும்! ஆகவே 350 பெருக்கல் 26, சுமார் 9,100 என்ற மதிப்பீடும் வேண்டும்; 922 அங்கேயே பிடிபடும். 9,202-ஐ 26-ஆல் வகுத்தால்தான் தெரியும், மீதி 24 நிற்கும்.

காசிமேட்டில் மீன் எடையை எழுதும்போது 18 கிலோ 50 கிராமை 18.5 என்று குறித்தால் 450 கிராம் கூடிவிடும். கிலோ 240 ரூபாய் என்றால் 108 ரூபாய் நஷ்டம், பாவம், வாங்குபவருக்கு. புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், 18.050 என்று எழுதப் பழக்கும் ஆசிரியர்களை வணங்குகிறோம். வடசென்னைப் பள்ளிகளின் வகுப்புத் தேர்வுகளிலாவது சரிபார்ப்பு வரிக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.

– கணக்கு ஆசிரியர்கள் சிலர், ராயபுரம், சென்னை-13