காவடிக்குப் பக்கத்தில் நடப்பவர்

மொரீஷியஸ் நாட்டு முருகன் கோயில்களின் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ரோஸ்ஹில்லில் வசிக்கிறேன். காவடி ஊர்வலத்தில் நீங்களும் நானும் ஆண்டுதோறும் பார்த்தும் பெயர் கேட்காத ஒருவரைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். காவடிக்காரரின் பக்கத்தில் நடப்பவர்தான் அவர்.

அவர் அலகு குத்தியிருக்க மாட்டார். கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில், தோளில் ஒரு துண்டு. காவடி சாய்ந்தால் தாங்குவார். தார்ச்சாலை கொதித்தால் பாதத்தில் தண்ணீர் ஊற்றுவார். என் தங்கை மகன் முதன்முதலாகக் காவடி எடுத்தபோது ஆற்றங்கரையிலிருந்து கோயில் வாசல்வரை அவனுடைய அப்பா அப்படித்தான் நடந்தார். அதற்கு முந்தைய பல மாதங்களாக அந்த வீட்டில் தந்தையும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. அன்று மாலை ஒரே வாழை இலையில் ஏழு கறியும் பரிமாறி இருவரும் சேர்ந்து உண்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திமித்ரிஸ் சிகலாடாஸ் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் நம் நாட்டுக் காவடியை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சில கேள்விகளுக்குப் பதில் சொன்னதற்காக ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்தார்கள். பிறகு தனியறையில், யாரும் பார்க்காத இடத்தில், விரும்பினால் அதிலிருந்து கோயிலுக்குக் காணிக்கை போடலாம் என்றார்கள். சில நாள் முன்னதாகக் கூட்டுப் பிரார்த்தனையில் பாடியவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் போட்டது 130 ரூபாய்க்குச் சற்று மேல். உடம்பில் ஒரு ஊசியும் ஏறாமல் கூடவே நடந்தவர்கள் எவ்வளவு போட்டார்கள் தெரியுமா? 161 ரூபாய்.

இந்த மூன்று எண்களை நான் பலநாள் யோசித்தேன். கூடிப் பாடுவது நல்லதுதான். ஆனாலும் பாட்டு மட்டும் மனத்தை அவ்வளவு திறக்கவில்லை. வலியில் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் நடப்பது அதைத் திறந்திருக்கிறது. இது என் முடிவு. ஆராய்ச்சியாளர்கள் இதே சொற்களில் சொல்லவில்லை.

அதே ஆராய்ச்சியாளர் குழு 2019இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையும் நம் காவடியைப் பற்றியதுதான். நாள்பட்ட நோய் உள்ளவர்களே கூடுதலாக அலகு குத்திக்கொண்டார்கள் என்றும், அதிக வலியைத் தாங்கியவர்களுக்கே மனநலம் கூடுதலாகத் தேறியது என்றும் அதில் கண்டார்கள். காவடியைக் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். என் கேள்வி வேறு. நம் கோயில் மேசையில் பெயர் எழுதிப் பணம் கட்டிச் செல்லும் அந்த இளைஞன் என்ன துன்பத்தைச் சுமந்து வந்தான் என்று நம்மில் யாராவது கேட்டதுண்டா? ரசீது கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

என் கணவர் இறந்தபோது பதினாறாம் நாள்வரை வீடு நிறைய மனிதர்கள். பதினேழாம் நாள் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறையில் நின்றேன். நான் இருபது ஆண்டுகளாகப் பூக்கட்டிக் கொடுத்த கோயிலிலிருந்து திருவிழா நன்கொடைக்குத்தான் தொலைபேசி வந்தது. நான் அழுதேன். "அழாதீர்கள் அம்மா, எல்லாம் கடவுள் சித்தம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பேசியவர் கெட்டவர் அல்லர். அழுபவரிடம் அதைத் தவிர வேறெதுவும் சொல்ல அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மூளை ஆராய்ச்சி இதில் நமக்கு உதவும். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் திருமணமான 16 பெண்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, காலில் மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார். யார் கையையும் பிடிக்காதபோது மூளையில் அச்சத்துக்கான பகுதிகள் முழுவேகத்தில் இயங்கின. கணவர் கையைப் பிடித்திருந்தபோது அந்த இயக்கம் நன்றாகத் தணிந்தது. முன்பின் அறியாத ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோதும் ஓரளவு தணிந்தது. 2006இல் வெளிவந்த ஆய்வு அது. எனக்கு மிகவும் வேண்டிய செய்தி அந்தக் கடைசிக் கைதான். துணை என்பவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

மறுவருடம் மேத்யூ லீபர்மேன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள். கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்ப்பவர் அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பு வடிவில் இருந்து அச்சத்தில் பொங்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. "பயமாக இருக்கிறது", "அவர்மேல் கோபமாக இருக்கிறது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லுமுன்னே "அழாதீர்கள்" என்று தடுப்பது, ஆறும் புண்ணைக் கீறுவதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன். தமிழில் வராவிட்டால் நம் நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லட்டும். முருகனுக்கு இரண்டும் தெரியும்.

உறவும் நட்பும் ஆயுளைக் கூட்டுமா என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 148 ஆய்வுகளை 2010இல் ஆராய்ச்சியாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். தைப்பூசக் கொடியேற்றத்துக்கு முன் காவடி எடுப்போர் பெயர் எழுதும் அதே மேசையில் இன்னொரு நோட்டு வையுங்கள். துணைக்கு நடப்பவர்களின் பெயர்களும் அதில் ஏறட்டும். பத்து நாள் விரதத்தோடு அவர்கள் வேலை முடியக்கூடாது. ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், பிள்ளைகள் பிரான்சுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விட்டு ஒரு மூதாட்டி தனித்திருந்தால், அந்த நோட்டிலிருந்து இருவர் போகட்டும். பதினேழாம் நாளிலிருந்து போகட்டும். வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் போதும். அறிவுரை வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும். உறக்கமே வராமலும் உயிரை வெறுத்தும் பேசுகிறவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கேயும் கூடவே நடக்க ஒருவர் தேவைதான்.

இதற்குப் புது மண்டபம் வேண்டியதில்லை, ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. "இது எங்கள் பொறுப்பில் வராது" என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். காவடி எடுத்தவர் வழியில் மயங்கி விழுந்தால் இது என் பொறுப்பன்று என்று நீங்கள் நின்றுகொண்டிருந்ததை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவர்கள் நீங்கள்தான். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல் எந்த வீட்டுக்கு அனுப்பினாலும் போவேன். பஸ்ஸில் போகக்கூடிய தூரமாக இருந்தால் போதும். எந்த மேசையில் அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
ரோஸ்ஹில்