காஸ் வால்வில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

வீட்டில் பியர் காய்ச்சுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். மோல்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), ஹொப்ஸ், ஈஸ்ட் பற்றியெல்லாம் நல்ல விளக்கம். சொந்தப் பாவனைக்கு வீட்டில் பியர் செய்ய கனடாவில் தடையில்லை, விற்கத்தான் கூடாது என்பதையும் சரியாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் தானியங்கி காஸ் அடுப்புக்கு இணையத்தில் பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும், மின்சாரத்தால் திறந்து மூடும் எந்த சொலனொய்ட் வால்வும் போதும் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்துவிட்டது. அந்த வரியை நம்பி யாராவது புரோபேன் சிலிண்டரில் பூட்டிவிடக் கூடாது என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

அரைத்த மோல்ட்டைச் சுடுநீரில் போட்டு 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரை ஒரு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். 70ஐத் தாண்டினால் மாச்சத்தைச் சீனியாக்கும் நொதிகளில் முக்கியமான ஒன்று சீக்கிரமே செத்துவிடும், பியர் கனமாகவும் இனிப்பாகவும் வரும். அதனால்தான் சூடு குறைந்தால் காஸைத் திறந்து, கூடினால் மூடுகிற ஒரு வால்வைப் பூட்டுகிறார்கள். சரி, காற்றடித்து அடுப்பு அணைந்துவிட்டால்? தண்ணீர் ஆறுகிறது, கட்டுப்பாட்டுக் கருவி வால்வைத் திறக்கச் சொல்கிறது, அதுவும் திறக்கிறது. கீழே நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று வெறும் சொலனொய்ட் வால்வுக்குத் தெரியாது. புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது, மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே கலந்தாலே பற்றிக்கொள்ளும்.

இன்னொன்று, அந்த மலிவு வால்வுகள் பெரும்பாலும் தண்ணீருக்குச் செய்தவை. அவற்றில் பல, உள்ளே ஓரளவு அழுத்தம் இருந்தால்தான் முழுதாகத் திறக்கும். பார்பிகியூ ரெகுலேற்றரிலிருந்து வரும் காஸின் அழுத்தமோ 11 அங்குல உயரத் தண்ணீர் தருகிற அளவுதான், அதாவது சதுர அங்குலத்துக்கு அரை இறாத்தல்கூட இல்லை. உள்ளே இருக்கும் றப்பர் ஈபிடிஎம் ஆக இருந்தால் அது புரோபேனுக்கு ஒத்துவராது, நாள்பட ஊதிப்போய்க் கசியத் தொடங்கும். காஸுக்கு நைட்ரைல் அல்லது வைட்டன் றப்பர் வேண்டும். விற்கிறவர் அதை எழுதியே இருக்கமாட்டார்.

அப்போ என்ன வாங்குவது? எப்போதும் எரியும் சின்ன பைலற் சுடரோடு வந்த வீட்டு ஃபேர்னஸ்களில் (வீட்டைச் சூடாக்கும் கருவி) இருந்த வகை 24 வோல்ட் காஸ் வால்வு. ஹனிவெல் விஆர்8200 அந்த வகை. அந்த ஒரே பெட்டிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வால்வுகள், ரெகுலேற்றர், பைலற் சுடருக்குத் தனிக் குழாய் எல்லாம் இருக்கின்றன. அதோடு பூட்டுகிற தேர்மோகப்பிள் என்ற சுடர் உணரி வேலை செய்வதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு நுனி பைலற் சுடருக்குள் நிற்கும், அந்தச் சூட்டில் பிறக்கும் முப்பது மில்லிவோல்ட் அளவு மின்சாரம்தான் உள்ளே ஒரு சின்னக் காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். சுடர் அணைந்து நுனி ஆறினால் காந்தம் விட்டுவிடும், டக்கென்று ஒரு சத்தம், பைலற்றுக்குப் போகிற காஸ் உட்பட எல்லாம் நின்றுவிடும். நாம் காசு கொடுப்பது அந்த டக் சத்தத்துக்குத்தான்.

வாங்கும்போது இரண்டு விஷயம். இவை பெரும்பாலும் இயற்கை வாயுவுக்கு, 3.5 அங்குல நீர் அழுத்தத்தில் வைத்து வரும், புரோபேனுக்கு மாற்றும் ஸ்பிரிங்கையும் கேட்டு வாங்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு அரை இறாத்தலுக்கு மேல் அழுத்தத்தையும் இவை தாங்காது. வான்கோழி பொரிக்கும் பேர்னரோடு வருகிற உயர் அழுத்த ரெகுலேற்றரை இதில் பூட்டவே கூடாது. யாரோ கழற்றி எறிந்த பழைய வால்வும் வேண்டாம், கனடாவின் தரச் சான்றான சிஎஸ்ஏ முத்திரையுள்ள புதியதையே எடுங்கள். வீட்டு இயற்கை வாயு லைனிலிருந்து எடுப்பதாக இருந்தால் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் உள்ள காஸ் டெக்னீஷியன்தான் அதில் கை வைக்கலாம்.

விலை கூட என்பீர்கள். சுடுநீர், மோல்ட், கொதிக்க வைப்பது என்று மூன்று பானைக்கும் மூன்று வால்வு வாங்கினால் கூடத்தான், ஆனால் மூன்று எதற்கு? கொதிக்க வைக்கிற பானைக்குப் பக்கத்தில் எப்படியும் ஆள் நிற்க வேண்டும், பொங்கி வழியும். அதைக் கையால் திறந்து மூடலாம். சுடுநீர்ப் பானைக்குள் செப்புச் சுருளை வைத்து, மோல்ட் சாற்றைப் பம்பால் அதனூடாகச் சுற்றவிட்டால் அந்த ஒரு பானைக்கு மட்டும் வால்வு போதும். அப்புறம் பானையைப் பழையதாக வாங்கலாம், பம்பைப் பழையதாக வாங்கலாம். குழாய் பூட்டியதும் மூட்டு மூட்டாகச் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். ஒரு சின்னக் குமிழ் எழும்பினாலும் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள்.

குளிர்காலத்தில் கராஜுக்குள் வைத்துச் செய்யலாம் என்றும் கட்டுரையில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சிலிண்டர் வெளியில்தான் இருக்க வேண்டும், எரியும் அடுப்பும் வெளியில்தான். மூடிய கராஜில் சேரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. கடும் குளிரில் சிலிண்டரில் உறைபனி படிந்து அழுத்தம் குறையும், சுடரும் சோர்ந்து போகும், அந்த நாட்களில் காய்ச்சாமல் விடுவதே நல்லது.

இந்தத் திருத்தத்தைக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். மலிவு வால்வை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எறிய வேண்டியதில்லை, கொதித்த சாற்றைக் குளிரவைக்கும் தண்ணீர்க் குழாயில் அதைப் பூட்டலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ