எங்கள் உமி எங்கள் மண்ணுக்கே வரட்டும்: விவசாயத் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

வடமாகாண விவசாயத் திணைக்கள அதிகாரிகளுக்கும் எங்கள் பகுதிப் போதனாசிரியர்களுக்கும் வணக்கம்.

உமி போன்ற கழிவைக் காற்றை மட்டுப்படுத்திச் சுட்டு மண்ணில் இடும் கரிக்குத்தான் உயிர்க்கரி, பயோசார் என்று பெயர். அந்தப் பேச்சு இப்போது கமக்காரர் மத்தியிலும் அடிபடுகிறது. வன்னி மண்ணுக்கு அது உதவும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் ஒன்றை முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்: யூரியாவுக்கு மாற்று என்று சொல்லி அதைப் பையில் கட்டி எங்களிடம் விற்க விடாதீர்கள். 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென நிறுத்தியது. கார்த்திகையில் தடையை விலக்கியபோது பெரும்பாலான வயல்களில் காலபோக (மாரிகாலப் பெரும்போக) விதைப்பு முடிந்திருந்தது. மாற்று உரம் என்றாலே கமக்காரன் சந்தேகத்தோடு பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

கரி உரமல்ல. பசளையையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும் பொருள். எங்கள் மேட்டுநிலச் செம்மண் கோடையில் கல்லாக இறுகும், மழைக்குச் சேறாகும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் போட்ட பசளையை மாரி மழை கழுவிக்கொண்டு போகும். எவ்வளவு எரு போட்டாலும் இந்த வெயிலுக்கு விரைவில் உக்கித் தீர்ந்துவிடும். காற்றை மட்டுப்படுத்திச் சுட்ட கரியின் காபன் அப்படிக் கரைவதில்லை, மிக நீண்ட காலம் மண்ணில் நிற்கும். அதன் நுண்துளைகளில் நீர் தங்கும், அமோனியமும் ஒட்டிக்கொள்ளும். நெல் உமிக்கரியில் பயிரின் தண்டுக்கு வலுவூட்டும் சிலிக்காவும் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு.

ஆனால் சுட்ட கையோடு வெறும் கரியை வயலில் கொட்டினால் அது இருக்கிற நைதரசனையும் இழுத்து வைத்துக்கொள்ளலாம், பயிர் மஞ்சளிக்கும். முதலில் மாட்டெருவோடும் மாட்டுச்சலத்தோடும் கலந்து சில வாரம் ஊறவிட வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பேன்.

சுடுவதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் ஆணியால் நிறையத் துளையிட்டு, புகைக்குழாய் பொருத்தி, உள்ளே சுள்ளியும் தேங்காய்ப் பொச்சும் வைத்துப் பற்றவைத்து, சுற்றிவர உமியைக் குவிப்பார்கள். சூடு உள்ளிருந்து வெளியே நகரும். குவியலின் மேலே கறுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கியதும் வெளிப்பக்க உமியை மண்வெட்டியால் மேலே தள்ளிக்கொண்டே வரவேண்டும். எல்லாம் கறுத்தவுடன் பரப்பித் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் வெண்சாம்பலாகிவிடும், பிறகு காபன் இல்லை. தூசி நெஞ்சுக்குக் கூடாது, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் கிளற வேண்டும். சில மணி நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டிய வேலை இது. துண்டுப்பிரசுரம் படித்து வராது, செய்து காட்டுங்கள்.

அடுத்தது அளவு. 1 தொன் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதைச் சுட்டால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும், 60, 70 கிலோ. ஏக்கருக்கு 2 தொன் விளைந்தாலும் அந்த ஏக்கர் தரும் கரி 140 கிலோவைத் தாண்டாது. ஆய்வுகளில் அடிக்கடி சொல்லப்படும் அளவோ ஹெக்டேயருக்கு 10 தொன், அதாவது ஏக்கருக்கு 4 தொன். கிட்டத்தட்ட 30 போகத்து உமி! ஆகவே முழு வயலுக்கும் வீசச் சொல்லி எங்களை மலைக்க வைக்காதீர்கள். நாற்றுமேடை, மிளகாய்க் கன்று நடும் குழி, வீட்டுத்தோட்டப் பாத்தி, இவற்றில் தொடங்கலாம். கரி எளிதில் அழியாதது என்பதால் போகத்துக்குக் கொஞ்சமாகப் போட்டாலும் சேர்ந்துகொண்டே வரும்.

உமி எல்லா இடத்திலும் சும்மா கிடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. நெல் அவிக்கும் ஆலைக்கு அதுதான் விறகு, செங்கற் சூளைக்கும் போகிறது. அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். ஆலைக்குப் பின்னால் குவிந்து புகைந்து சாம்பலாகும் மிச்ச உமியைக் கமக்காரர் அமைப்புகளுக்கு முறையாகக் கிடைக்கச் செய்யுங்கள், அது போதும். இன்னொன்று: பயோசார் என்ற பெயரில் காட்டு மரம் வெட்டிக் கரி சுட ஒருவருக்கும் இடம் கொடுக்காதீர்கள். உமி, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பனம் மட்டை இவற்றோடு இது நிற்க வேண்டும்.

மண் பரிசோதனை இல்லாமல் யாருக்கும் சிபாரிசு செய்யவும் வேண்டாம். உமிக்கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே காரமான நிலத்தில் அளவு மீறிப் போட்டால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) பயிருக்குக் கிடைக்காமல் போகும். பூநகரிப் பக்கம் உவர் ஏறிய வயலுக்கும் முத்தையன்கட்டுப் பக்கத்து மேட்டுநிலத்துக்கும் ஒரே அளவு சொல்வது சரிவராது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு கமக்காரரின் சொந்த நிலத்தில் பரீட்சைத் துண்டுகள் போடுங்கள். ஒரு துண்டில் வழக்கமான பசளை மட்டும், பக்கத்தில் அதே பசளையோடு ஊறவைத்த கரி. விளைச்சலைக் கமக்காரர் முன்னிலையில் நிறுத்துக் காட்டுங்கள். கரி தோற்றாலும் அதையும் சொல்லுங்கள், நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து ஆலைகள் முழுமூச்சாக ஓடும்போது சுடத் தொடங்கினால், ஊறவைத்த கரி அடுத்த காலபோகத்துக்கு ஆயத்தமாகிவிடும். அதற்கு முன் கமநல சேவை நிலையத்தில் ஒரு கூட்டம் வையுங்கள். எந்தெந்தக் காணியில் போடுவது, உமியை யார் ஏற்றி இறக்குவது என்று அங்கேயே பேசி முடிப்போம். நிலம் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வன்னிக் கமக்காரன் ஒருவன்